சுர்மா அக்காவுக்கு என்ன காரணம்

எங்கள் பள்ளத்தாக்குக்கு ஏன் நடந்து வர வேண்டும் என்பதற்கு என் கணவரின் அண்ணன், மூத்தார் ஜெய்மல் சிங், பத்துக் காரணம் வைத்திருந்தார். சாயங்காலம் விருந்தாளிகள் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து சூப்பை ஊதிக்கொண்டிருக்கும்போது தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பிப்பார். சுத்தமான காற்று. பனி உருகி வருகிற தண்ணீர். பேரே தெரியாத பூக்கள். பாண்டவர்கள் சொர்க்கத்துக்கு நடந்து போன மலை. அந்த மலையைச் சொல்லும்போது மட்டும் கையை இருட்டில் எங்கோ நீட்டுவார். அவர் நீட்டுவது ஊர்க் கோழிக்கூண்டுப் பக்கம் என்று இதுவரை ஒரு விருந்தாளியும் கண்டுபிடித்ததில்லை. கடைசியாக, குரலைத் தாழ்த்தி, "இங்க வந்தா உங்களை நீங்களே சந்திப்பீங்க" என்று முடிப்பார். புனேயிலிருந்தும் தில்லியிலிருந்தும் வந்தவர்களுக்கு அங்கே கண் கலங்கிவிடும். தன்னைத் தானே சந்திக்க ஒருத்தர் ரயில், பஸ், ஜீப் எல்லாம் மாறி வர வேண்டியிருந்தால் யாருக்குத்தான் கலங்காது?

மூத்தாருடையது ஊரின் கடைசி வீடு. தேவதாரு மரத்தில் கட்டியது. மாடி முழுக்க விருந்தாளிகளுக்கு, கீழே சமையல். சமையலறையில் அவர் மனைவி சுர்மா அக்கா. எனக்கு ஓர்ப்படி. கூடமாட நான். பத்துக் காரணமும் எங்களுக்கு மனப்பாடம். நான்காவது காரணம் வரும்போது ரொட்டி தட்ட ஆரம்பித்தால், அவர்கள் தங்களைச் சந்தித்து முடிப்பதற்கும் முதல் ரொட்டி தட்டுக்குப் போவதற்கும் சரியாக இருக்கும். அந்த வகையில் அந்தப் பேச்சு எங்களுக்கு ரொம்ப உபயோகமானது.

வந்தவர்கள் சொன்ன காரணங்கள் வேறு தினுசு. ஒருத்தருக்குச் சர்க்கரை, டாக்டர் நடக்கச் சொன்னாராம். ஒருத்தருக்குக் காதல் முறிந்துபோனதாம். ஒரு புருஷனும் பெண்சாதியும் தங்கள் கல்யாணத்தைக் காப்பாற்ற வந்திருந்தார்கள். திரும்பும்போது அவர் இந்தக் கரையிலும் அந்தம்மா அந்தக் கரையிலுமாக நடந்து போனார்கள். நடுவே சூபின் ஆறு. மிச்சப் பேர் படம் எடுக்க வந்தவர்கள். அவர்கள்தான் ஓரளவு உண்மை பேசுகிறவர்கள்.

ஆவணி மழை விட்டு, மேலே புல் பழுக்க ஆரம்பித்த சமயம். ஒரு தில்லிக்காரப் பெண் சுர்மா அக்கா கேழ்வரகு ரொட்டி தட்டுவதைப் படம் பிடிக்கச் சமையலறைக்குள் வந்தாள். நல்ல பெண். புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டே சிரித்தாள்.

"உங்களைப் பாத்தா பொறாமையா இருக்குக்கா. தெனமும் இதெல்லாம் பாக்கக் குடுத்து வச்சிருக்கீங்க. மேல உங்களுக்கு எந்த எடம் ரொம்பப் பிடிக்கும்?"

"மேலன்னா?"

"பள்ளத்தாக்கு முடியுற எடம். அந்தப் புல்வெளி. அந்தப் பனிமலை."

"நான் போனதில்ல" என்றாள் சுர்மா அக்கா.

அந்தப் பெண் வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள். சுர்மா அக்காவும் விளக்கவில்லை. கீழே மோரிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். வந்த நாள் முதல் வயல், மாடு, அடுப்பு. புல்லுக்கு நாங்கள் போவது பக்கத்துச் சரிவுவரைதான். அதற்கு மேலே ஆடு மேய்க்கிற ஆண்களும் காசு கொடுத்து வருகிற விருந்தாளிகளும் போவார்கள்.

மூத்தார் கதவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். "இவ அங்க போயி என்ன பண்ணப் போறா மேடம்? எள்ளு எண்ணெய்க்குக் காயுது" என்று சொல்லிச் சிரித்தார்.

விருந்தாளிக்கு முன்னால் மரியாதையாக இருக்கட்டும் என்று பழமொழியைப் பாதியில் நிறுத்திவிட்டார். எலிப்புழுக்கை எதற்குக் காய்கிறது என்ற மீதிப் பாதி சுர்மா அக்காவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அடுப்பில் இருந்த ரொட்டி ஒரு பக்கம் கருகிப்போனது. அவள் கையில் ரொட்டி கருகி நான் பார்த்ததில்லை. அதை எடுத்து மூத்தார் தட்டில் வைத்தாள்.

மறுநாள் காலை அவர் கயிறுகளைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"அந்தப் பத்துக் காரணம் இருக்கே, அதுல எது எனக்கு ஆகாது?"

"எந்தப் பத்து?"

"சுத்தமான காத்துன்னு ஆரம்பிப்பியே."

"உனக்கு இங்கயே சுத்தமான காத்துதான?"

"அடுப்படில வந்து ஒரு மூச்சு இழுத்துப் பாரு."

மூத்தார் கயிற்றைக் கீழே வைத்தார். "ராஜ்மா பறிக்கணும்."

"பாதி பறிச்சாச்சு. மீதி கொடியில தொங்குனா ஓடியா போயிடும்?"

"மேல பரிங்க இருக்கு. பொம்பளைங்க போனா தூக்கிட்டுப் போயிடும்."

எங்கள் மலைகளில் பரிகள் உண்டு, மோகினி மாதிரிப் பெண்கள். பளிச்சென்று உடுத்தி, சத்தம் போட்டுக்கொண்டு போகிறவர்களைப் பிடித்துக்கொள்வார்கள் என்பார்கள். நான் சின்ன வயதிலிருந்து பயப்படுகிற விஷயம் அது.

சுர்மா அக்கா அவர் கீழே வைத்த கயிற்றை எடுத்துச் சுருட்டினாள். "மஞ்சளும் செவப்புமா சட்டை போட்டுக்கிட்டு, பாட்டுப் பெட்டிய அலற விட்டுக்கிட்டு வருஷா வருஷம் இத்தனை பேரைக் கூட்டிட்டுப் போறியே. ஒருத்தரையும் தூக்கலையே. பரிங்களுக்கும் ருசின்னு ஒன்னு இருக்கும்போல."

"நாளைக்குப் பெங்களூர் குழு வருது. யாரு சமைக்கிறது?"

"நீதான்."

"கைடே சமைச்சா அவங்க என்ன நெனைப்பாங்க?"

"நெனைச்சுக்கட்டும்" என்றாள் சுர்மா அக்கா. "நீயே உன்னைச் சந்திச்சுக்கிட்ட மாதிரி இருக்கும்."

நான் வருகிறேன் என்று சொல்லவே இல்லை. அவள் என் பழைய கம்பளிக் கோட்டையும் சேர்த்து மூட்டை கட்டியதைப் பார்த்துத்தான் நானும் போகிறேன் என்று தெரிந்துகொண்டேன். மூன்றாவதாக வந்தது பக்கத்து வீட்டு சைத்தி அண்ணி. அவள் கணவர் எங்கள் ஊர்த் தேவதையின் மாலி. அதாவது தேவதை அவர் மேல்தான் இறங்கி அருள் சொல்லும். சொல்லும்போது ஊரே நடுங்கும், சைத்தி அண்ணி மட்டும் கொட்டாவி விடுவாள். "போனா திரும்பி வரணுமா?" என்பது மட்டும்தான் அவள் கேட்ட கேள்வி.

விடியும்போது கிளம்பினோம். ரொட்டி, பச்சைமிளகாய் இடித்த உப்பு, அவித்த உருளைக்கிழங்கு, கொஞ்சம் அக்ரூட். சுர்மா அக்கா காலில் எந்த விருந்தாளியோ மறந்து விட்டுப்போன மஞ்சள் நிற மலையேறும் பூட்ஸ். பெரிதாக இருந்ததால் முன்னால் ஆட்டுமயிர் திணித்திருந்தாள். ஊர் எல்லைவரை மூவரும் எதையோ திருடிக்கொண்டு போகிறவர்கள் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு நடந்தோம்.

காட்டு வாசலில் இருக்கிற காவலர் எங்கள் ஊர் மருமகன்தான். "விறகுக்கா?" என்றார்.

"இல்ல."

"புல்லு? காளான்?"

"சுத்திப் பாக்க" என்றாள் சுர்மா அக்கா.

அவர் எங்கள் மூன்று பேருக்கும் பின்னால் எட்டிப் பார்த்தார். உண்மையான ஆட்கள் யாராவது வருகிறார்களா என்று தேடினார்போல. வரவில்லை. வழியை மறித்த கம்பை மெதுவாகத் தூக்கிவிட்டார்.

முதல் ஏற்றத்தில் அகமதாபாத்திலிருந்து வந்த ஒரு கூட்டம் எங்களைக் கண்டதும் நின்றது. அதில் பருமனான ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டே தன் பையைச் சுர்மா அக்காவிடம் நீட்டினார். "கேம்ப் வரைக்கும் தூக்கிட்டு வர என்ன கேக்குறம்மா?"

சுர்மா அக்கா பையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். "எங்க பையை நீங்க தூக்குவீங்கன்னா பேசலாம். நாங்களும் ட்ரெக்கிங்தான்."

அவர் அதை ரொம்ப ரசித்தார். தன் மனைவியைக் கூப்பிட்டு எங்களைக் காட்டினார். அந்தம்மா எங்களோடு நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டாள். அவர்கள் ஊரில் அதைப் பார்க்கிறவர்கள், பாவம், எங்களைப் பேரே தெரியாத பூக்கள் என்றுதான் நினைத்துக்கொள்வார்கள்.

மத்தியானம் எதிரே ஆட்டுமந்தை இறங்கி வந்தது. மந்தைக்குப் பின்னால் என் கணவர் தில்வர். கோடை முழுவதும் மேலேயே இருப்பவர். என்னைப் பார்த்ததும் கையில் இருந்த குட்டியைக் கீழே விட்டுவிட்டு ஓடி வந்தார்.

"யாரு செத்தது?"

மேலே வரை ஒரு பெண் வந்தால் அது சாவுச் செய்தியாகத்தான் இருக்க முடியும்.

"ஒருத்தரும் சாகல தம்பி" என்றாள் சுர்மா அக்கா.

"பசுமாடா?"

"மாடும் நல்லாத்தான் இருக்கு."

"அப்ப எதுக்கு வந்தீங்க?"

"பாக்க" என்றேன் நான்.

"என்னையா?" என்று கேட்டார். கேட்டபோது கருகிப்போன அந்த முகத்தில் ஒரு வெட்கம் வந்தது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அந்த வெட்கத்தை நான் பார்த்ததே இல்லை. ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு என்று ஒன்று இருக்கிறதே. "மலையைப் பாக்க" என்றேன்.

"மலையையா?" அவர் சுற்றிலும் பார்த்தார். நாலாபக்கமும் மலைதான் நின்றது. "அதுக்கு இவ்வளவு தூரமா?" என்றார். பிறகு உப்பு கொண்டுவந்திருக்கிறோமா என்று கேட்டார். இடித்த உப்பில் பாதியைக் கொடுத்தோம். ஆட்டுப்பால் காய்ச்சிக் கொடுத்து, கிளம்பும்போது தன் கம்பை என்னிடம் தந்தார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன். மந்தை தன் பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது, அவர் அங்கேயே நின்றார்.

சைத்தி அண்ணியின் கொழுந்தன் சோபன் வழியில் கூடாரம் போட்டு விருந்தாளிகளைத் தங்க வைக்கிறவன். எங்களைப் பார்த்ததும் அவனுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது.

"நல்ல சமயத்துல வந்தீங்க அண்ணி. இன்னைக்குக் கூட்டம் ஜாஸ்தி. மாவைப் பிசைஞ்சு குடுத்துட்டீங்கன்னா..."

சைத்தி அண்ணியின் கை தானாகவே முந்தானையைச் செருகப் போனது. சுர்மா அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்து, விருந்தாளிகளுக்குப் போட்டிருந்த மடக்கு நாற்காலியில் உட்கார வைத்தாள். தானும் ஒன்றில் உட்கார்ந்தாள்.

"இஞ்சி டீ மூணு" என்றாள். "கால் முக்க வெந்நி. சூப்பு என்ன சூப்பு?"

சோபன் சிரித்தான். நாங்கள் சிரிக்கவில்லை. அவன் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. "தக்காளி" என்றான்.

"போன வாரம் கீழ வந்த கும்பல் உன் சூப்பு தண்ணியா இருந்துச்சுன்னு சொல்லிட்டுப் போச்சு. பாத்து வை."

டீ வந்தது. உட்கார்ந்த இடத்துக்கு டீ வருவது எவ்வளவு சங்கடமான விஷயம் என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பக்கத்தில் எச்சில் பாத்திரம் குவிந்து கிடந்தது. சைத்தி அண்ணி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தப் பாத்திரம் என்னைக் கூப்பிடுது சுர்மா" என்றாள்.

"காதைப் பொத்திக்கங்க அண்ணி."

அடுத்த நாள் பள்ளத்தாக்கு முடிகிற இடத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். மூத்தாரின் காரணங்கள் எல்லாம் குடியிருக்கிற இடம். போனால், ஒன்றுமே இல்லை. மேகம் புல்வரை இறங்கியிருந்தது. பூக்கள் மழையோடு முடிந்துவிட்டிருந்தன. சொர்க்கத்துக்குப் போகிற மலை இருக்க வேண்டிய இடத்தில் ஈரச் சாம்பல் மாதிரி ஏதோ தொங்கிக்கொண்டிருந்தது. முன்னால் வந்து சேர்ந்திருந்த விருந்தாளிகள் கொஞ்ச நேரம் அதைத் திட்டினார்கள், மேகத்தின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள், கூடாரத்துக்குத் திரும்பிப் போனார்கள்.

"இதுக்குத்தான் பாண்டவங்க வந்தாங்களா?" என்றாள் சைத்தி அண்ணி. "இத எங்க கொல்லையிலயே பாக்கலாமே."

சுர்மா அக்கா கீழே உட்கார்ந்தாள். பூட்ஸைக் கழற்றி வைத்தாள். காற்று வராத பாறை ஒன்றின் ஓரமாகச் சால்வையை விரித்து, கையைத் தலைக்கு வைத்துப் படுத்தாள். சும்மா முதுகை நீட்டுகிறாள் என்று நினைத்தேன். ரொட்டியைப் பிரித்து, "அக்கா, சாப்பிடலாம்" என்றபோது குறட்டை கேட்டது.

அவள் பகலில் தூங்கி நான் பார்த்ததில்லை. ஜுரத்தில் படுத்திருந்த நாட்களில்கூட மாடியில் நடக்கிற காலடியைக் கணக்கு வைத்துக்கொண்டுதான் கண்ணை மூடுவாள். யாருக்கு வெந்நீர், யாருக்கு வெங்காயம் கூடாது என்று தூக்கத்திலும் உதடு அசையும். இங்கே அசையவில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. அப்படிப் பார்க்கும்போது கீழே மோரியிலிருந்து அவளைக் கூட்டிவந்த நாளில் அவளுக்கு இருந்திருக்கும் முகம் தெரிந்தது. நானும் சைத்தி அண்ணியும் குசுகுசுவென்று பேசிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

எத்தனை நேரம் போயிருக்கும் என்று தெரியாது. சைத்தி அண்ணி என் தொடையைக் கிள்ளினாள். நிமிர்ந்தால், மேகம் நடுவில் கிழிந்து இரண்டு பக்கமும் ஒதுங்கிக்கொண்டிருந்தது. அதற்குள்ளே அது நின்றது. இவ்வளவு பக்கத்தில், இவ்வளவு உயரத்தில் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. வெயில் ஒரு பக்கம் பட்டு, பனி பழுத்த பூசணி நிறத்தில் எரிந்தது. மூத்தார் சொன்னதெல்லாம் உண்மைதான். அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. இத்தனை நாளாக அந்த மனிதர் பொய் சொல்கிறார் என்று நினைத்து நிம்மதியாக இருந்திருக்கிறேன்.

"எழுப்பு அவளை" என்றாள் சைத்தி அண்ணி.

நான் கையை நீட்டினேன். தோளுக்குக் கிட்டே போன கை அங்கேயே நின்றுவிட்டது.

"எழுப்புடி. இதுக்குத்தான வந்தா."

"இதுக்குத்தான் வந்தாளா அண்ணி?"

சைத்தி அண்ணி சுர்மா அக்காவைப் பார்த்தாள். மலையைப் பார்த்தாள். மறுபடியும் இவளைப் பார்த்தாள். தன் சால்வையை அவிழ்த்து அவள் காலில் போர்த்திவிட்டு, உட்கார்ந்துகொண்டாள். நாங்கள் இருவர் மட்டும் பார்த்தோம். கொஞ்ச நேரத்தில் மேகம் மறுபடியும் மூடிக்கொண்டது.

பொழுது சாயும்போது சுர்மா அக்கா எழுந்தாள். கன்னத்தில் சால்வையின் வரி பதிந்திருந்தது. எங்கே இருக்கிறோம் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

"மலை தெரிஞ்சுதா?"

சைத்தி அண்ணி என்னைப் பார்த்தாள். நான் கம்பைப் பார்த்தேன்.

"தெரிஞ்சுதா இல்லையா?"

"கொஞ்ச நேரம்" என்றேன். "உன்னை எழுப்ப மனசு வரல அக்கா."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் கைகளை மேலே தூக்கிச் சோம்பல் முறித்தாள். எலும்பு ஒவ்வொன்றாகச் சொடுக்கும் சத்தம் கேட்டது. "எழுப்பியிருந்தீங்கன்னா ரெண்டு பேரையும் கொன்னுருப்பேன்" என்றாள். "மலை எங்கடி போயிடப் போகுது? இப்படி ஒரு தூக்கம் இனிமே எப்ப வரும்?" பிறகு ரொட்டியைத் தேடினாள். அவள் பங்கையும் சேர்த்து நாங்கள் சாப்பிட்டுவிட்டிருந்தோம். அதற்குத்தான் திட்டினாள்.

வீடு திரும்பியபோது வாசலில் மூத்தார் தனியாக உட்கார்ந்திருந்தார். இரண்டு விரலில் துணி சுற்றியிருந்தது. பெங்களூர்க் குழு போய்விட்டிருந்தது. மேலே அல்ல, கீழே. ராஜ்மாவை ஊறப்போடாமல் அரைவேக்காட்டில் பரிமாறியதில் எல்லாருக்கும் வயிறு பிடுங்கிக்கொண்டு, மலையைப் பார்க்க வந்தவர்கள் ரெண்டு நாளும் கக்கூஸ் கதவைத்தான் பார்த்தார்களாம்.

"ஊறப்போடணும்னு நீ சொல்லவே இல்லையே" என்றார்.

"நீ கேக்கவே இல்லையே."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "எப்படி இருந்துச்சு மேல?" என்றார். குரலில் கேலி இல்லை.

"நல்லா இருந்துச்சு" என்றாள். படியில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தாள். ஈரத்தில் முடிச்சு இறுகிப் போயிருந்தது. மூத்தார் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் டீ இருந்தது. துணி சுற்றிய விரல் டம்ளரில் படாமல் தூக்கிப் பிடித்திருந்தார். சர்க்கரைக்குப் பதில் வேறு எதையோ போட்டிருக்கிறார் என்பது சுர்மா அக்காவின் முகத்தில் தெரிந்தது. ஒரு சொட்டு விடாமல் குடித்தாள்.

இத்தோடு முடிந்திருக்கலாம். அடுத்த வருடம் அதே பருவத்தில் ஊரில் பாதிப் பெண்களுக்குத் திடீரென்று சுத்தமான காற்று தேவைப்பட்டது. அரைவேக்காட்டு ராஜ்மாவின் கதை அதற்குள் எல்லா ஆண்கள் காதிலும் விழுந்திருந்தது. காரணம் சொல்லித் தடுக்க முடியாது என்று தெரிந்ததால், விஷயத்தைத் தேவதையிடம் கொண்டுபோனார்கள். திருவிழா முற்றத்தில் முரசு அடித்தார்கள். மாலி மேல், சைத்தி அண்ணியின் கணவர் மேல், தேவதை இறங்கியது. பெண்கள் வேலைவெட்டி இல்லாமல் மேலே போகலாமா என்று ஊர்ப் பெரியவர்கள் கைகட்டிக் கேட்டார்கள்.

தேவதை நெடுநேரம் ஆடியது. ஆடிக்கொண்டே ஒருமுறை பெண்கள் பக்கம் வந்தது. சைத்தி அண்ணி முன்வரிசையில், மடியில் ஒரு பிடி ராஜ்மாவை வைத்துப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. தேவதை அங்கே கொஞ்சம் தயங்கியது. பிறகு முற்றத்தின் நடுவுக்குப் போய், அரிசியை வீசி எறிந்து, "பனி விழறதுக்குள்ள போயிட்டு வந்துடணும்" என்றது.

அதற்கு மேல் கேட்க ஆண்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை. என் கணவர் கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தார். அந்த வருடம் அவர் மந்தையோடு இறங்கி வருவதற்கு நிறைய நாள் இருந்தது, உப்பு வாங்க மட்டும் வந்திருந்தார். கூட்டம் கலைந்ததும் என்னிடம் வந்து, வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "எப்ப வருவீங்க?" என்று கேட்டார்.

"எதுக்குக் கேக்குறீங்க?"

"சும்மாதான்" என்றார்.